செடான் (பின்னாடி டிக்கி தனியா நீட்டிட்டு இருக்கற கார்) பாக்கப் போய் மனசுல முள்ளா நின்ன விஷயம் எது?

சேலத்துக்காரன்:
டிசையர், அமேஸ், ஆரா மூணும் பாத்தாச்சு. எது எடுத்தேன்னு கேக்காதீங்க, விஷயம் அதில்ல. நாங்க நாலு பேரு, கூட அம்மா. முதல் நாள் நானும் வீட்டுக்காரியும் மட்டும் ஓட்டிப் பாத்து அட்வான்ஸ் குடுத்துட்டோம். அப்புறம் தான் அம்மாவக் கூட்டிட்டுப் போனேன். ஏறினது ஈஸி. எறங்கறப்ப ஒரு கால் வெளிய, ஒரு கால் உள்ள, ஒரு கையில முன் சீட்டு, இன்னொரு கையில கதவு. மூணு தடவ எம்பினாங்க. சேல்ஸ் பொண்ணு ஓடி வந்து கை குடுத்துச்சு. "வண்டி நல்லா வாட்டமா இருக்குப்பா"ன்னாங்க. திரும்பறப்ப டவுன் பஸ்ல யார் கையும் புடிக்காம ஏறினாங்க. அதப் பாத்துட்டும் நான் புக்கிங்க மாத்தல. எட்டு மாசமாச்சு, ரெண்டே தடவ தான் வண்டில வந்திருக்காங்க.

கணபதிவாசி, கோவை:
ஷோரூம்ல டிக்கியத் தொறந்து காட்டினது பெட்ரோல் வண்டி. நான் புக் பண்ணது சிஎன்ஜி, கேஸ்ல ஓடறது. டெலிவரி அன்னிக்குத் தான் சிலிண்டரப் பாத்தேன், பாப்பாவோட தள்ளுவண்டி உள்ள போகல. அது கூடப் பரவால்ல. கேஸ் புடிக்கறப்ப எல்லாரும் எறங்கி நிக்கணும்னு ஒருத்தரும் சொல்லல. ராத்திரி பதினொன்னரை, அவிநாசி ரோடு, முன்னாடி 14 வண்டி. தூங்கற பாப்பாவத் தோள்ல போட்டுட்டு எங்க வீட்டம்மா பனில நின்னாங்க. ஒரு வார்த்தை திட்டல. அது தான் பயமா இருந்துச்சு.

மலைக்கோட்டை மெக்கானிக்:
சேலத்துக்காரரே, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவ முதல் நாளே கூட்டிட்டுப் போகாதது உங்க தப்பு, செடான் மேல பழி போடாதீங்க. சீட்ட ஏத்திக்க வசதி இருக்கே? என் கதை சின்னது: ஏற்காடு ஏத்தம், அஞ்சு பேரு, ஏசி. கொண்டை ஊசில மூச்சு வாங்கிச்சு, ஏசிய அணைச்சு முதல் கியர் போட்டேன், அவ்ளோ தான்.

எடுக்கப் போறவங்க கேட்டுக்கோங்க. வண்டி நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா இன்ஜின் 1,200 சிசிக்குள்ள இருந்தா தான் வரி கம்மி. 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 சதவீதம், அதுக்கு முன்னாடி 28, மேல செஸ்னு கூடுதல் வரி வேற. அதனால தான் டிசையர், அமேஸ், ஆரா மூணுமே 3,995 மில்லிமீட்டர்ல நிக்குது. 2008ல வந்த முதல் டிசையர் நீளம், 2012ல வால நறுக்கிட்டாங்க. மிச்ச இடத்தத் தான் காலுக்கும் டிக்கிக்கும் பங்கு வைக்கறாங்க. புது டிசையர் டிக்கி 382 லிட்டர், புது அமேஸ் 416. லிட்டர் கணக்க நம்பாதீங்க, வீட்டுப் பெட்டியவே தூக்கிட்டுப் போய் வச்சுப் பாருங்க. முழு ஆளோட உங்க தெரு வேகத்தடைல ஏத்திப் பாருங்க. பில்லுல ஹேண்ட்லிங் சார்ஜ்னு இருந்தா அத எடுத்துடச் சொல்லுங்க. இன்சூரன்ஸ் ஷோரூம்காரங்க கிட்டயே போடணும்னு கட்டாயம் இல்ல.

சேலத்துக்காரன்:
அண்ணே, சீட்ட ஏத்தற வசதி டிரைவருக்கு. அம்மா பின்னாடி உக்கார்றாங்க.

வைகைக்கரை:
நம்மளுது வெள்ளை டிசையர். கலர் எடுப்போம்னு வீட்டுக்காரி சொன்னா, நான் கேக்கல. மாட்டுத்தாவணில மச்சினன பஸ் ஏத்தி விட்டுட்டு வண்டில உக்கார்றோம், ஒரு பெரியவர் பின்கதவத் தொறந்து பையத் தள்ளி உக்காந்து "கோரிப்பாளையம் போப்பா"ங்குறாரு. நம்பர் போர்டு மஞ்சள் இல்லியேன்னு அவர் எங்க பாத்தாரு? இவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா, தோள் மட்டும் குலுங்குது. போற வழி தானேன்னு கொண்டு போய் விட்டேன். 150 ரூபா நீட்டினாரு. வேணாம்யான்னேன். சந்தேகமா முன்னாடி எட்டிப் பாத்து, "மீட்டர்ல எம்புட்டு காட்டுது?"ன்னாரு.