அம்மாவை நோகடிக்காமல் மகளோடு தனியாகப் பேசுவது எப்படி?

வணக்கம். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முதல் வகை நீரிழிவு உள்ள 15 வயதுப் பெண் ஒருத்தி, இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி மறுபடியும் சேர்ந்திருக்கிறாள். இன்சுலினைத் தவறவிடுகிறாள் என்றுதான் தோன்றுகிறது. எதைக் கேட்டாலும் அம்மாவே பதில் சொல்கிறார். இவள் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருக்கிறாள். அம்மா வெளியே போன நேரம், “ஸ்கூல்ல எல்லார் முன்னாடியும் எப்படி ஊசி போடுறது சிஸ்டர்?” என்றாள்.

உயிருக்கு ஆபத்தானதைத் தவிர வேறெதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். ஆனால் அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றால் முகம் வாடிவிடுகிறது. பாவம், பயந்துபோயிருக்கிறார்.

அவரிடம் இதை எந்த வார்த்தைகளில் கேட்பீர்கள்? அப்புறம், வீட்டில் ஊசிப் பொறுப்பை இருவருக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது? டிஸ்சார்ஜுக்கு முன் பேசியாக வேண்டும், அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.