பிஎஸ்6 வண்டி வாங்கியும் கார்பன் கணக்கு ஏறிவிட்டது, எங்கே தப்பு?

பனியன் கணக்கர்:
திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். சொந்த வண்டிகள் 11. குட்டியானை 7, லாரி 2, ஆட்களை ஏற்றி வரும் பஸ் 2. ஐரோப்பிய பையர் வருடா வருடம் கார்பன் கணக்கு கேட்கிறார். போன வருடம் 24,000 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்று பெருக்கி 64.3 டன் எழுதிக் கொடுத்தோம். அதைக் குறைக்கத்தான் முதலாளி மூன்று பழைய வண்டிகளைத் தள்ளிவிட்டு, புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிகளை எடுத்தார். ஓடிய கிலோமீட்டரில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் இந்த வருடம் 26,500 லிட்டர், 71 டன் வருகிறது. மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் அனுப்ப வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:
2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதி புகைத்தூளையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் அடக்குவதற்கானது. ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலை ஊற்றுவது நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்கத்தான். ஊருக்குள் மூச்சு விடுகிறவர்களுக்கு அது பெரிய நன்மை. ஆனால் கார்பன் டை ஆக்ஸைடு எரிந்த லிட்டரைப் பொறுத்தது. லிட்டர் குறைந்தால்தான் அதுவும் குறையும். அப்படியே பார்த்தாலும், 2,500 லிட்டர் கூடியதற்கு மூன்று புது வண்டிகள் காரணமாக இருக்க முடியாது. லிட்டரை எதிலிருந்து எடுத்தீர்கள்?

பனியன் கணக்கர்:
பங்கில் மாதக் கடன் வைத்திருக்கிறோம். 12 பில்லின் மொத்தம்தான் அது.

நொய்யல் கரை:
சார், எங்களுக்கும் இதே நடந்தது. பில் மொத்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, டிரைவர்கள் பங்கில் கொடுத்த சீட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். ஜெனரேட்டருக்கு கேனில் வாங்கிய டீசல் அதில் கலந்திருக்கும்.

பனியன் கணக்கர்:
அதேதான்! நேற்று சீட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பி வண்டி நம்பர்படி அடுக்கினோம். நம்பர் எழுத வேண்டிய கட்டத்தில் "கேன்" என்று எழுதிய சீட்டுகளே தனியாக ஒரு கட்டு சேர்ந்தது. கூட்டினால் 2,900 லிட்டர். போன வருடம் ஜெனரேட்டர் டீசலை வேறு ஆளிடம் பேரலில் வாங்கினோம், அதனால் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஆக வண்டிகளுக்கு 23,600 லிட்டர், 63.2 டன். ஒரு டன்தான் குறைந்திருக்கிறது. ஜெனரேட்டரை விட்டுவிடலாமா?

நொய்யல் கரை:
விடக்கூடாது சார். கார்பன் கணக்கில் நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள் எல்லாம் ஸ்கோப் 1 என்ற பிரிவு. ஜெனரேட்டரைத் தனி வரியாகக் காட்டுங்கள். போன வருடக் கணக்கில் அது விடுபட்டிருந்தால் அதையும் திருத்தி, காரணத்தை எழுதி அனுப்புங்கள். தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி வெளி ஆளுடையது என்றால் அது ஸ்கோப் 3, அதாவது நமக்காக வெளியார் விடும் புகை; இதில் சேராது.

பழைய டிரைவர்:
தம்பி, நான் 28 வருடம் பஸ் ஓட்டியவன். ஷிப்ட் விடுவதற்கு அரை மணி முன்னால் கேட்டில் போய் நின்று பாருங்கள். பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும். நின்றபடியே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். டிரைவரைத் திட்டாதீர்கள். பேட்டரி பழசாக இருந்தால் ஆஃப் செய்தபின் செல்ஃப் எடுக்காது, ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகு தள்ளச் சொல்ல வேண்டும் என்ற பயம்தான் காரணம். நானும் அந்தப் பயத்தில் அணைக்காமல் நிறுத்தியிருக்கிறேன். முதலில் பேட்டரியை மாற்றிக் கொடுங்கள், அப்புறம் அணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது காலி ஓட்டம். குட்டியானை கிரே துணியை, அதாவது சாயம் போடாத துணியை, சாயப்பட்டறையில் இறக்கிவிட்டுக் காலியாக வரும். மறுநாள் சாயம் போட்ட துணியை எடுக்கக் காலியாகப் போகும். பாதி டீசல் காற்றை ஏற்றிப் போகத்தான் செலவாகிறது.

பனியன் கணக்கர்:
நன்றி அண்ணா, இரண்டும் எங்கள் கம்பெனியில் அப்படியே நடக்கிறது. முதலாளி ஏழு குட்டியானையையும் எலக்ட்ரிக் ஆக்கிவிடலாம் என்கிறார். அது சரியா?

ஸ்பேனர்:
எங்கிருந்து சார்ஜ் போடுவீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் வண்டி, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு விடுகிறது. அதே அளவு எலக்ட்ரிக் வண்டிக்கு, சார்ஜிங் இழப்பையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் என்று வையுங்கள். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. பெருக்கினால் 140 கிராம்! ஸ்கோப் 1 குறைந்து, வாங்கும் மின்சாரத்துக்கான ஸ்கோப் 2 ஏறும், மொத்த கார்பனில் பெரிய லாபம் இல்லை. கூரையில் சோலார் இருந்து, மதியம் லோடு இறக்கும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் அதில் சார்ஜ் போட்டால் கணக்கே வேறு. காற்றாலை இருந்தாலும் நல்லது, ஆனால் அந்த யூனிட்டை ஏற்கெனவே மில்லுக்குக் காட்டியிருந்தால் வண்டிக்கும் காட்டக்கூடாது. முதலில் இரண்டு வண்டி எடுத்துப் பாருங்கள்.

பனியன் கணக்கர் (ஒரு மாதம் கழித்து):
திருத்திய கணக்கை அனுப்பிவிட்டேன், பையர் ஏற்றுக்கொண்டார். இரண்டு பஸ்ஸுக்கும் புது பேட்டரி போட்டாயிற்று, கேட்டில் எஞ்சின் சத்தம் இல்லை. கிரே துணி கொண்டுபோகும் வண்டியே முந்தைய லாட்டை ஏற்றி வருகிறது. சாயப்பட்டறையில் முந்தின நாள் மாலையே எந்த லாட் தயார் என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். ஜெனரேட்டர் கேனுக்குப் பச்சைச் சீட்டு அடித்திருக்கிறோம். வெள்ளைச் சீட்டில் வண்டி நம்பர் இல்லை என்றால் டீசல் போட வேண்டாம் என்று பங்கிலும் சொல்லிவிட்டேன்.