பிராட்பேண்ட் விதியில் வேகம் மட்டும் போதுமா, தாமதத்தை யார் கேட்பது?

நெல்லைவாசி:
வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ஸ்பீடு டெஸ்ட் எப்போது போட்டாலும் 95க்குக் குறையாது. ஆனால் ராத்திரி நான் ஆபீஸ் வீடியோ காலில் இருக்கும்போது மனைவியின் போன் போட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் போதும், நான் பேசுவது அந்தப் பக்கம் ஒரு விநாடி கழித்துத்தான் கேட்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து பேசி, சேர்ந்து நிறுத்தி, பேச்சே ஓடுவதில்லை. கஸ்டமர் கேரில் "ஸ்பீடு சரியா வருதே சார்" என்று வைத்துவிடுகிறார்கள். பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று 2023-ல் மாற்றினார்களே, தாமதத்துக்கு அப்படி எதுவும் கிடையாதா?

கம்பிவழி:
உண்டு. டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2006 விதியிலேயே உள்நாட்டுக்குள் 120 மில்லிசெகண்ட், கேபிள் வழியாக வெளிநாடு போனால் 350, சாட்டிலைட் என்றால் 800 என்று வரம்பு இருந்தது. ஆனால் அதை அளந்தது கம்பெனியின் கேட்வேயிலிருந்து, அதாவது அவர்கள் நெட்வொர்க் வெளி இணையத்தோடு சேரும் இடத்திலிருந்து, அந்தப் பக்கம். உங்கள் ரவுட்டருக்கும் கேட்வேக்கும் நடுவில் நடப்பது கணக்கிலேயே வரவில்லை.

பஃபர்_பாதி:
உங்களுக்குத் தூரம் பிரச்சினை இல்லை, வரிசைதான் பிரச்சினை. அப்லோடு ஓடும்போது ரவுட்டர் பாக்கெட்டுகளை (டேட்டாவின் சிறு துண்டுகள்) பெரிய பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், அடுக்கிக்கொண்டே போகும், உங்கள் குரல் கடைசியில் நிற்கும். பஃபர்ப்ளோட் என்பது இதைத்தான். லைன் சும்மா இருக்கும்போது ஒரு பிங் (ஒரு பாக்கெட் போய்ப் பதில் வர ஆகும் நேரம்), அப்லோடு ஓடும்போது ஒரு பிங் எடுத்துப் பாருங்கள். என் வீட்டில் 8 மில்லிசெகண்ட், அப்புறம் 640! ரவுட்டரில் எஸ்க்யூஎம் (இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) போட்டு அப்லோடை லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே பிடித்துவைத்தேன், 25-ல் நின்றது. விதி வேண்டும் என்றால் இந்த இரண்டாவது பிங்குக்கு வேண்டும். சும்மா கிடக்கிற லைனில் அளந்தால் எல்லாக் கம்பெனியும் பாஸ்தான்.

மலையடி:
எல்லோருக்கும் ஒரே எண் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிற சாட்டிலைட் வழியாகப் போனால், பதில் வர எப்படியும் அரை விநாடி ஆகும், அதை எந்தச் சட்டமும் குறைக்காது. மலைக் கிராமத்துக்கு அதுதான் கிடைக்கிறது என்றால் அதையும் தடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024 ஏப்ரலிலிருந்து விலை, வேகத்தோடு வழக்கமான லேட்டன்சியையும் (தாமதம்) பிளான் லேபிளில் போட வைத்திருக்கிறது. முதலில் அதையாவது இங்கே கேட்போம்.

நெல்லைவாசி:
எடுத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 6, அப்லோடில் 910. லேபிள் வரட்டும், ஆனால் அதில் இந்த 910-உம் இருக்க வேண்டும், வெறும் 6-ஐப் போட்டால் எனக்கு என்ன பிரயோஜனம்? இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். எஸ்க்யூஎம் என் ரவுட்டரில் இல்லை, எந்த மாடல் வாங்கலாம்?