‘ஃபாக்சிங்’: தமிழில் என்ன எழுதலாம்?

வணக்கம். பழைய புத்தகத் தாள்களில் பழுப்பும் செம்மையுமாகப் பொட்டுப் பொட்டாகப் படர்வதை அரிய நூல் பட்டியல்களில் இன்னும் ‘ஃபாக்சிங்’ என்றே எழுதி வருகிறோம். நரியின் நிறத்தை வைத்து வந்த பெயர் என்பார்கள். ‘நரிப்புள்ளி’ என்று பெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். கீழக்கரை அர்வி (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூல்கள், ஜமீன் காலத்துக் கணக்குத் தாள்கள் என்று இராமநாதபுரம் கரையோரச் சேகரங்களை விவரிக்கும்போது அடிக்கடி தேவைப்படும் சொல் இது. ‘துருப்புள்ளி’ என்று வைக்கலாமா?

*

ஐயா, துருப்புள்ளி பாதிக்குத்தான் பொருந்தும். காகிதத்தில் கலந்துவிட்ட இரும்புத் துகள் ஈரம்பட்டுத் துருவேறுவது ஒரு வகை. அதற்கு நடுவில் கறுத்த புள்ளி இருக்கும். பூஞ்சையால் வருவது வேறு வகை; அதில் பல புள்ளிகள் புற ஊதா விளக்கில் ஒளிரும். இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்தும் வரும்.

உண்மையான துரு இன்னொன்று இருக்கிறது: குண்டூசியும் தைப்புக் கம்பியும் விடுகிற கறை. கடற்காற்றின் உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். கம்பி சும்மா இருக்குமா? ‘துருக்கறை’யை அதற்கு விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு ‘தேமல்’. தோலில் வரும் தேமலும் பூஞ்சையால்தான். படரும், தடவினால் மேடு தட்டாது, துடைத்தால் போகாது. இரும்பால் வருவதையும் அதிலேயே அடக்கலாம்; பட்டியல் எழுதுபவர் கண்ணால் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது.

*

தேமல் நன்று. ஆனால் ‘தாள்தேமல்’ வேண்டாம். புணர்ச்சி பார்க்கிறவர் ‘தாட்டேமல்’ என்று எழுதுவார், கணினியில் தேடுகிறவருக்கு இரண்டில் ஒன்று அகப்படாது. ‘காகிதத் தேமல்’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஓலைச் சுவடிக்கு இந்தச் சொல் போகக்கூடாது என்பதும் அதிலேயே விளங்கும். அங்கே நாம் எழுதுவது பூச்சியரிப்பு, ஓரமுறிவு, கயிற்றுத்துளைக் கிழிசல்.

பூசணத்தோடு குழப்பாமலிருக்க வரையறையில் ஒரு வரி வேண்டும். மென்தூரிகையால் மெல்லத் தொட்டால் பூசணம் பஞ்சாகவோ தூளாகவோ ஒட்டிவரும். தேமல் நாருக்குள் இறங்கியது, அசையாது. பூசணம் என்றால் முகக்கவசம் போட்டு அந்த நூலை உடனே தனியே வைக்க வேண்டும். தேமலுக்கு அந்த அவசரம் இல்லை.

*

ஒரே ஒரு தயக்கம்: தேமல் என்றதும் மருந்து தடவக் கை துறுதுறுக்கும். வெளுப்பான் போட்டால் புள்ளி மங்கும், தாளின் நாரும் நைந்துவிடும். சில ஆண்டில் புள்ளி திரும்பியும் வரலாம். மருந்து தாளுக்கல்ல, நூல் இருக்கும் அறைக்குத்தான். ஈரப்பதத்தை 65 விழுக்காட்டுக்குக் கீழே, முடிந்தால் 50–55இல் நிறுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் அது எளிதல்ல. பகலில் மட்டும் குளிர்சாதனம் ஓட்டி, மாலையில் நிறுத்திக் கதவைச் சாத்துவது எல்லாவற்றிலும் மோசம்: குளிர்ந்த தாளின்மேல் இரவு ஈரம் ஏறும். அதைவிட ஓயாமல் ஓடும் மின்விசிறியும் வெளிச்சுவரை விட்டுத் தள்ளிய அலமாரியும் மேல்.

சொல்லை ஏற்கிறேன். பட்டியலில் இப்படி எழுதலாம்:

‘காகிதத் தேமல்: பக். 3–17, மிதம், எழுத்து மறையவில்லை. துருக்கறை: தைப்பில் 2 இடம். பூசணம்: இல்லை.’