மெத்திலேற்றத்தால் அடங்கிய மைக்ரோ ஆர்.என்.ஏ.வை இரத்தத்தில் அளப்பதில் பயன் உண்டா?

கேள்வி (முதுகலை மாணவி)

வணக்கம். பெருங்குடல் புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் (மரபணுக்களின் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்.என்.ஏ.க்கள்; பெயரில் 'மிர்' என்று வரும்) எபிஜெனடிக் கட்டுப்பாடு, அதாவது டி.என்.ஏ. வரிசை மாறாமலே மரபணு அடங்குவது அல்லது இயங்குவது குறித்து ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். மிர்-124ஏ, மிர்-34பி/சி ஆகியவற்றின் மரபணுக்களை ஒட்டிய சிபிஜி தீவுகளில் (சைட்டோசின்-குவானின் இணைகள் செறிந்த டி.என்.ஏ. பகுதிகள்) மெத்தில் தொகுதிகள் ஏறிவிடுவதால் (மெத்திலேற்றம்), புற்றுச் செல்களில் அவை உற்பத்தியாவதில்லை என்பது புரிகிறது. அப்படியானால் இரத்தத்தில் அவற்றின் அளவு குறைவதையே நோயின் அறிகுறியாகக் கொள்ளலாமே? ஆனால் நான் வாசித்தவற்றில், மிர்-21 போல அளவு கூடுபவையே பரிசோதனைக்கு அதிகம் முன்மொழியப்படுகின்றன. ஏன்?

பதில் (மூலக்கூறு நோயறிதல் துறை)

நல்ல கேள்வி, பல கட்டுரைகள் இதைத் தொடாமலேயே கடந்துவிடுகின்றன. இரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.யில் பெரும்பகுதி இரத்த அணுக்களிலிருந்தும் இரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களிலிருந்தும் வருகிறது. ஒரு சிறு கட்டி தன் பங்கை நிறுத்திக்கொண்டாலும் மற்ற திசுக்கள் தொடர்ந்து வழங்குவதால், அந்தக் குறைவு மொத்த அளவில் தெரிவதில்லை.

ஆகவே இல்லாமற்போன மூலக்கூறைத் தேடுவதைவிட, அதை அடக்கிய மெத்தில் குறியைத் தேடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. டி.என்.ஏ.வை பைசல்பைட்டுடன் வினைபுரியச் செய்தால், மெத்தில் ஏறாத சைட்டோசின் யுராசிலாக மாறும். மெத்தில் ஏறியது மாறாது. அந்த வேறுபாட்டை மட்டும் இனங்காணும் பிரைமர்களைக் (தொடக்கத் துண்டுகள்) கொண்டு பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பலமடங்காக்கும் முறை) செய்தால், இயல்பான டி.என்.ஏ. ஏராளமாகக் கலந்திருந்தாலும் கட்டியின் டி.என்.ஏ. தனித்துத் தெரியும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில், சிறுநீரில் உதிரும் செல்களில் மிர்-34பி/சி, மிர்-124 ஆகியவற்றின் மெத்திலேற்றம் இவ்வாறே ஆராயப்பட்டுள்ளது.

பதில் (புற்றுநோய் உயிரியல் ஆய்வாளர்)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கட்டித் திசுவில் அளவு குறைந்திருப்பதாலேயே மெத்திலேற்றம்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நாட்பட்ட லிம்போசைட்டிக் இரத்தப்புற்றில் மிர்-15ஏ, மிர்-16-1 குறைவதற்கு 13ஆம் குரோமோசோமின் 13க்யூ14 பகுதியே அறுந்துபோவது காரணம் என்று 2002இல் காட்டப்பட்டது. எபிஜெனடிக் காரணம் என்று சொல்ல, குறியை நீக்கினால் உற்பத்தி மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். 2006இல் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களுக்கு டெசிட்டபினையும் (மெத்தில் குறியை நீக்கும் மருந்து) பினைல்பியூட்டிரிக் அமிலத்தையும் (ஹிஸ்டோன் புரதக் குறிகளை மாற்றுவது) சேர்த்துக் கொடுத்தபோது, அடங்கியிருந்த மிர்-127 மீண்டும் தோன்றியது. அதன் இலக்கான பிசிஎல்6 புரதமும் குறைந்தது.

கட்டுப்பாடு எதிர்த்திசையிலும் நடக்கிறது. மெத்தில் ஏற்றும் நொதிகளான டிஎன்எம்டி3ஏ, டிஎன்எம்டி3பி ஆகியவற்றை மிர்-29 குடும்பமே கட்டுக்குள் வைத்திருக்கிறது என நுரையீரல் புற்றுநோயில் கண்டார்கள். மிர்-29 குறைந்தால் அந்நொதிகள் பெருகும். அவை வேறு மரபணுக்களையும் அடக்கும். உங்கள் கட்டுரையில் இதற்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்குவது நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மெத்திலேற்றத்தையே அளக்கலாம் என்றால், இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அளப்பதற்கு இனி இடமே இல்லையா?

பதில் (ஆய்வகப் பொறுப்பாளர்)

இடம் உண்டு, நிபந்தனைகளோடு. ஆர்கோனாட் என்ற, மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தாங்கும் புரதத்தோடு பிணைந்தோ செல்கள் வெளியிடும் நுண்பைகளுக்குள் அடங்கியோ இருப்பதால், இவை இரத்தத்தில் எளிதில் சிதைவதில்லை. ஆனால் இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் மிர்-451ஏ, மிர்-16 இரண்டும் பிளாஸ்மாவில் கொட்டிவிடும். மிர்-16ஐ ஒப்பீட்டு அளவாகக் கொண்டு கணக்கிடும் ஆய்வில், சிவப்பணுக்கள் உடைந்த மாதிரி ஒன்று கலந்துவிட்டாலும், அதில் மற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் எல்லாம் குறைந்ததுபோலத் தோன்றும். அதனால் ஒவ்வொரு மாதிரியையும் 414 நானோமீட்டரில் (உடைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் உறிஞ்சும் அலைநீளம்) ஒளி உறிஞ்சல் பார்த்த பிறகே எங்கள் ஆய்வகத்தில் ஏற்கிறோம். நீங்கள் குறிப்பிட்ட மிர்-21 அழற்சியிலும் கூடும். அதை மட்டும் வைத்து எந்த உறுப்பில் புற்று என்று சொல்ல முடியாது.

வெற்றிக்கு நல்ல எடுத்துக்காட்டு மிர்-371ஏ-3பி. கருநிலைச் செல்களில் மிகுந்திருக்கும் இது, வளர்ந்தவரின் பிற திசுக்களில் ஏறத்தாழ இல்லை. அதனால் பின்னணி இரைச்சலும் இல்லை. விந்தகத்தின் ஜெர்ம் செல் (இனப்பெருக்கச் செல்) கட்டிகளைக் கண்டறிவதில், வழக்கமாக இரத்தத்தில் அளக்கப்படும் ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி. ஆகிய குறிகாட்டிகளைவிட இது மேம்பட்டதாக இருக்கிறது; கட்டியை அகற்றியதும் விரைவில் சரிகிறது. ஆனால் டெரடோமா வகையை (பல வகைத் திசுக்கள் கலந்த கட்டி) இது காட்டாது. எனவே சிகிச்சைக்குப் பின் எஞ்சிய கட்டி இருக்கும் நோயாளிக்கு, இதன் அளவு இயல்பாக இருப்பதை மட்டும் நம்பி ஸ்கேனைத் தவிர்க்கக் கூடாது.