அரவை மில் லேப்டாப்: தானாக அணைகிறது, டிக் டிக் சத்தமும் வருகிறது

முள்ளியாற்றுக்காரி:
திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன அரவை மில் இருக்கிறது. மோட்டார் அப்பா பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. 2013-இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. யார் எத்தனை மூட்டை அரைத்தார்கள், யார் கூலிக்குப் பதில் தவிட்டை விட்டுப் போனார்கள், யார் அறுப்புக்கு அறுப்பு பாக்கி சொல்கிறார்கள் எல்லாம் இதில்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்தபோதுகூட பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கியது. போன வருஷம் அது உப்பிப்போனது. கழற்றி வைத்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுகிறேன்.

இப்போது திடீர் திடீரென்று அணைகிறது. திரும்பப் போட்டால் தேதி 2013 ஜனவரி 1 என்கிறது, பேங்க் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. பத்து நாளாக இடது கை வைக்கும் இடத்துக்கு அடியில் டிக் டிக் என்று சத்தம். பல்லி சொல்கிறது என்று அம்மா சகுனம் பார்க்கிறார். டவுன் கடையில் மூடியைக்கூடத் திறக்காமல் "மதர்போர்டு போச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். நிஜமாகவே போர்டுதானா?

சுக்குமல்லி:
டிக் சத்தம் ஹார்ட் டிஸ்க். கழற்றி பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள், காலையில் ஓடும். என் மாமா செய்திருக்கிறார்.

அரசலாற்றங்கரை:
ஃப்ரீசர் யோசனையை விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் உள்ளே வியர்த்துவிடும், மிச்சமிருப்பதும் போகும்.

தங்கச்சி, முதல் வேலை அதை ஆன் செய்யாமல் இருப்பது. "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கணக்கைத் தொலைக்கிறார்கள். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில் செய்கிறேன், கண்ணால் பார்த்தது. அணைவது, தேதி இரண்டும் காத்திருக்கும், சத்தம் காத்திருக்காது. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அணைவது மில்லில் மட்டுமா, வீட்டிலுமா? எவ்வளவு நேரத்தில்?

முள்ளியாற்றுக்காரி:
அண்ணே, கேட்ட பிறகுதான் யோசித்தேன். மில்லில் அப்பா மோட்டார் போடும்போது அணைகிறது, குண்டு பல்பும் ஒரு கணம் மங்கும். வீட்டில் ராத்திரி இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஓடும். உடனே திரும்பப் போட்டால் ஐந்து நிமிஷம்கூட நிற்பதில்லை. அடிப்பக்கம் தோசைக்கல்.

அரசலாற்றங்கரை:
அப்படியானால் இரண்டு வியாதி. மில்லில் அணைவது வோல்டேஜ் சரிவால். பேட்டரி இருந்தால் அந்தக் கணத்தை அது தாங்கியிருக்கும், உங்களுக்கு அது இல்லை. வீட்டில் அணைவது சூட்டால். ஆறவிட்டால் நீளமாக ஓடுகிறது, சூட்டோடு போட்டால் சீக்கிரம் நிற்கிறது என்றால் வேறு சந்தேகம் வேண்டாம். போர்டு போயிருந்தால் இப்படி முறை வைத்து அணையாது. தேதி மாறுவது உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்ததால். 3 வோல்ட் சிஆர் 2032, சில மாடலில் ஒயரோடு வரும், அதே மாதிரி வாங்குங்கள். தேதி தப்பானால் பேங்க் பக்கம் நம்பாது.

வோல்டேஜ் சரிவு, சூடு இரண்டும் சேர்ந்து டிஸ்க்கை அடித்திருக்கின்றன. பட்டென்று கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் அதன் ஹெட் (தட்டில் எழுதிப் படிக்கும் முனை) அவசரமாகப் பின்வாங்கி ஒதுங்குகிறது. எத்தனை நாள் பொறுக்கும்?

டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். ஃபார்மட் பண்ணவா என்று கேட்டால் வேண்டாம். டிஸ்க்கைச் சரிபார்க்கும், அடுக்கி வைக்கும் செக் டிஸ்க், டிஃப்ராக் எதையும் ஓடவிடாதீர்கள். முதலில் கணக்கு ஃபோல்டர், கல்யாண போட்டோ எல்லாம் அப்புறம். பிறகு அதை ஓய்வாக விட்டு சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், சுழலும் பாகமே கிடையாது.

கோரையாறு:
எங்களுக்கும் மில் உண்டு, அதனால் ஒரு வார்த்தை. வீட்டுத் தூசி மாதிரி நினைத்து ப்ளோயர் அடிக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ஃபேனுக்கும் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும், ஃபேனைக் கழற்றிக் கையால்தான் உரிக்க வேண்டும். ப்ராசசர் சூடு ஹீட் சிங்க்குக்குப் போகத் தடவும் தெர்மல் பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். (பொன்னி. இட்லி அரிசி இல்லை.) கணக்கை பாமினியில் அடித்திருந்தால் அந்த எழுத்துருவையும் காப்பி எடுங்கள். இல்லாவிட்டால் புது இடத்தில் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும்.

முள்ளியாற்றுக்காரி:
பாமினியேதான்! நினைவுபடுத்தியதற்கு நன்றி.

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். சித்தப்பா மகன் கம்ப்யூட்டரில் மாட்டினோம். காப்பி நடுவில் மூன்று தடவை நின்றது, ஆறவிட்டு ஆறவிட்டு எடுத்தோம். ஃபேன் பக்கம் திறந்தால் விரல் தடிமனுக்குத் தவிட்டு அடை, அதில் ஒரு அந்துப்பூச்சி வேறு. 240 ஜிபி எஸ்எஸ்டி, நாணய பேட்டரி, பேஸ்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. நேற்று மூன்று மணி நேரம் அணையாமல் ஓடியது. மில்லுக்கு மட்டும் எடுத்துப் போவதில்லை, பெரிய பேட்டரி வாங்கும்வரை அங்கே நோட்டுதான்.

2019 தாளடிக் கணக்கு ஒரு ஃபைல் மட்டும் திறக்கவில்லை. அந்த வருஷத்துச் சீட்டுகளை அப்பா பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.

அரசலாற்றங்கரை:
பழைய டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள், அந்த ஒரு ஃபைலை வேறு வழியில் எடுத்துப் பார்க்கலாம். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அடுப்புப் பக்கம் வைக்கவோ வேண்டாம். கும்பகோணம் வந்தால் இரண்டையும் கொண்டுவாருங்கள்.