மாசாய் மாரா விடியலில் ஒட்டகச்சிவிங்கி: நிழலுருவம் கருப்பாக வரவில்லை, உதவுங்கள்

கேள்வி

வணக்கம். கென்யாவில் மாசாய் மாராவில் இருக்கிறேன். இன்னும் இரண்டு விடியல்தான் பாக்கி, அதனால்தான் இந்த அவசரம்.

இன்று காலை 6.30 வாக்கில், சூரியன் எழும் நேரம், பாதைக்குக் கிழக்கே ஒரு ஒட்டகச்சிவிங்கி நின்றது. ஃபுல் ஃபிரேம் கேமரா, 100-400 லென்ஸ், அப்பர்ச்சர் முறை (லென்ஸ் துளையை நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும்), எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ. வந்த படத்தில் வானம் வெளிறிவிட்டது, சூரியன் வெறும் வெள்ளைப் பொட்டு. ஒட்டகச்சிவிங்கி அழுக்குப் பழுப்பில் இருக்கிறது, உடம்புத் திட்டுகள்கூடத் தெரிகின்றன. கண்ணால் பார்த்த ஆரஞ்சு எங்கே போனது?

கால்கள் வேறு சுத்தமாகக் காணோம், புல்லின் இருட்டோடு கலந்துவிட்டன. சூரியனுக்கு எதிர்மூலையில் பச்சையாக ஒரு வட்டமும் இருக்கிறது. இந்தக் காட்சிக்காகப் பல வருடம் பணம் சேர்த்து வந்தேன். நாளைக்கு என்ன மாற்றட்டும்?

பதில் 1

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோக்கஸ் புள்ளி கழுத்தில் இருக்கிறது. முழுச் சட்டத்தின் வெளிச்சத்தையும் அளக்கும் மீட்டரிங், பல கேமராக்களில் ஃபோக்கஸ் புள்ளி விழும் இடத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும். இருட்டான கழுத்தைத் தெரியவைக்கப் போய் வானத்தை வெளுக்க வைத்துவிட்டது.

நாளை மேனுவலுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 8. சூரியனைச் சட்டத்துக்கு வெளியே விட்டு, அதன் பக்கத்து வானத்தை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) அளந்து, அதிலிருந்து அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து ஷட்டரை வையுங்கள். சூரிய விளிம்பு எட்டிப் பார்த்ததும் 1/1000, 1/2000 நொடி என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டிவரும். மாரா நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி தெற்கே இருக்கிறது, சூரியன் அங்கே ஏறத்தாழ நெட்டுக்குத்தாக ஏறும். தன் வட்டத்தின் அளவு உயர அதற்கு இரண்டே நிமிடம் போதும்.

ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) ஆட்டோவில் இருந்தால் அந்த ஆரஞ்சைக் கேமராவே கழுவிவிடும். 7000 கெல்வினில் வையுங்கள். நிழலைத் தானாகத் தூக்கிக் காட்டும் வசதி எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) கட்டாயம்.

பதில் 2 (நைரோபியில் இருப்பவர்)

தம்பி, செட்டிங் மாத்தினாலும் கால் வராது. அது நீங்க நின்ன உயரத்தோட பிரச்சினை. வண்டிக் கூரையைத் தூக்கிட்டு எழுந்து நின்னு எடுத்திருக்கீங்க, சரியா? அப்ப லென்ஸ் தரையிலிருந்து ரெண்டரை மீட்டர் உயரத்துல இருக்கு. சமதரையில லென்ஸ் எந்த உயரத்துல இருக்கோ அந்த உயரத்துலதான் அடிவானக் கோடு எல்லாத்தையும் வெட்டும். ஒட்டகச்சிவிங்கியோட கால் நீளமே ரெண்டு மீட்டருக்கு உள்ளதான், மொத்தக் காலும் கோட்டுக்குக் கீழ போயிடும். வில்டபீஸ்ட்டா (மாடு மாதிரி இருக்கிற பெரிய மான்) இருந்தா முழு மிருகமே போயிடும், தோள் உயரம் ஒண்ணேகால், ஒண்ணரை மீட்டர்தானே.

உட்கார்ந்து, ஜன்னல் விளிம்புல பீன் பேக் (கேமராவைத் தாங்க மணி நிரப்பின பை) போட்டு எடுங்க. அதை விட முக்கியம், மேடு கிழக்குலயும் நீங்க பள்ளத்துலயும் இருக்கணும். ரிசர்வுக்குள்ள பாதையை விட்டு வண்டி இறங்கக்கூடாது, அதனால அந்த இடத்தை இன்னிக்கு ராத்திரியே ஓட்டுநர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க. "துவிகா (சுவாஹிலியில ஒட்டகச்சிவிங்கி) வேணும்"னு மட்டும் சொன்னா ஒட்டகச்சிவிங்கி பக்கத்துல கொண்டு போய் நிறுத்திடுவார். பக்கத்துல போறது இதுக்கு ஆகாது. அஞ்சு மீட்டர் உயர ஒட்டகச்சிவிங்கி சுமார் 550 மீட்டர் தள்ளி நின்னாத்தான் சூரிய வட்டமும் அதுவும் ஒரே உயரம். நெருங்க நெருங்கச் சூரியன் பொட்டாகிடும்.

எனக்குப் பிடிச்சது டோப்பி மான். கறையான் புத்து மேல ஏறி நின்னு சுத்திப் பாக்குறது அதோட பழக்கம். பக்கவாட்டுல நிக்கிற வரைக்கும் காத்திருங்க. நாலு காலுக்கு நடுவுல வானம் தெரியணும், அப்ப அமுக்குங்க.

கேட்டவர்

நன்றி அண்ணா. ஓட்டுநரிடம் பேசிவிட்டேன், ஒரு புற்றுமேடு தெரியும் என்றார். சூரியனுக்கு எதிரே ஃபோக்கஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

பதில் 3

முதுகு அல்லது கொம்பின் விளிம்பில், இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் புள்ளியை வையுங்கள். ஃபோக்கஸைப் படமெடுக்கும் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானில் வைத்தால், ஒருமுறை பிடித்ததும் விரலை எடுத்துவிடலாம். பச்சை வட்டம் யூவி ஃபில்டர் செய்த வேலை போலத் தெரிகிறது, கழற்றிப் பாருங்கள்.

உங்கள் கேமரா கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால், சூரியன் ஏறிய பிறகு வியூஃபைண்டரில் கண் வைக்கவே வைக்காதீர்கள். 400 மி.மீ. வழியாகச் சூரியனைப் பார்ப்பது விழித்திரையைச் சுட்டுவிடும். திரையில் பார்த்து எடுங்கள்.

கேட்டவர் (மறுநாள்)

கிடைத்துவிட்டது! 6.10க்கே பள்ளத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டார். புற்றின் மேல் டோப்பி, முன்னங்கால்கள் உச்சியில், பின்னங்கால்கள் ஒரு சாண் கீழே. காதைத் திருப்பியபோது அதன் ஓரத்து மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. உடம்பு மை போலக் கருப்பு. வட்டம் முழுசாக மேலே வருவதற்குள் நாற்பது படம் எடுத்தேன், அதில் மூன்றில் நாலு காலும் பிரிந்து நிற்கின்றன.

ஒரு குறை மட்டும். சூரியனைச் சுற்றி ஆரஞ்சு இல்லாமல் தட்டையான மஞ்சள் திட்டாக இருக்கிறது. ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரம் தொடவில்லையே?

பதில் 1

அருமையான படம், மனசு நிறைந்தது. நீங்கள் பார்த்தது ஒளியின் மொத்த ஹிஸ்டோகிராம். விடியலில் சிவப்புதான் முதலில் நிரம்பி வழியும், மொத்தக் கோடு அதைக் காட்டாது. சிவப்பு நின்றுபோய்ப் பச்சை மட்டும் ஏறினால் ஆரஞ்சு மஞ்சளாகிவிடும். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாத வரை ஷட்டரை ஏற்றுங்கள். இன்றைய ரா கோப்பில் ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதிகளை) குறைத்துப் பாருங்கள், ஓரளவு மீளும்.

கேட்டவர்

மீண்டது, விளிம்பில் ஆரஞ்சு திரும்ப வந்திருக்கிறது. நாளைக்குக் கடைசி விடியல். அதே பள்ளத்துக்கு 6 மணிக்கே போகிறோம்.